மூன்று படி, பதினெட்டு அடி

நான் எழுதிய செய்தி ஒன்றில் தவறு இருந்தது. எங்கள் ஊரில் சிறுவர் பூங்கா திறந்த அன்று பதினோரு வரியில் எழுதி அனுப்பியது அது. கடைசி வரி: 'இனி ஊரிலுள்ள எல்லாக் குழந்தைகளும் இங்கே விளையாடலாம்.' யாரும் மறுக்கவில்லை. ஏழு மாதம் வரை எனக்கும் அது தவறென்று தெரியாது. தெரிந்துகொள்வதற்கு என் மகள் நடக்க முடியாமல் போக வேண்டியிருந்தது.

கம்பத்தைச் சுற்றியுள்ள ஊர்களின் செய்திகளை நாளிதழ் ஒன்றுக்கு எழுதி அனுப்புவது என் வேலை. கணவர் பாண்டிக்குக் காமயகவுண்டன்பட்டி பக்கம் ஒன்றரை ஏக்கர் திராட்சைத் தோட்டம். மகள் தர்ஷினிக்கு எட்டு வயது, மூன்றாம் வகுப்பு. இவ்வளவுதான் எங்கள் வீடு.

முதலில் வந்தது சாதாரண வயிற்றுப்போக்கு. மூன்று நாளில் நின்றது. அதற்குப் பதினைந்து நாள் கழித்து ஒரு திங்கட்கிழமை பள்ளிவிட்டு வந்தவள், செருப்பைக் கழற்றாமலே நின்றாள்.

"அம்மா, காலுக்குள்ள சோடா ஊத்துன மாதிரி இருக்கு."

ஓடியாடி விளையாடியதால் மரத்திருக்கும் என்று நினைத்து எண்ணெய் தேய்த்துவிட்டேன். மறுநாள் டவுன் பஸ்ஸின் படியில் கால் வைத்தவள் உடம்பை மேலே தூக்க முடியாமல் கம்பியைப் பிடித்துத் தொங்கினாள். "ஏ ஆத்தா, ஏறு ஏறு, வண்டி நிக்காது" என்று நடத்துநர் விசிலை வாயில் வைத்துக்கொண்டார். புதன்கிழமை காலை தரையிலிருந்து எழ முடியவில்லை. கையை ஊன்றினாள், கையும் மடிந்தது.

கம்பத்தில் நாங்கள் வழக்கமாகப் போகும் மருத்துவர் ரப்பர்ச் சுத்தியலால் முழங்காலுக்குக் கீழே தட்டினார். தட்டினால் கால் தன்னால் உதற வேண்டும். உதறவில்லை. இடம் மாற்றி மூன்று முறை தட்டினார். பிறகு சுத்தியலை மேசையில் வைத்துவிட்டு பாண்டியிடம் சொன்னார்: "தேனிக்குப் போங்க. இப்பவே. வீட்டுக்குப் போயி துணி எடுத்துட்டுப் போறோம்னு நிக்காதீங்க."

தேனியில் நாங்கள் சேர்ந்த மருத்துவமனையின் பெயரை எழுதப் போவதில்லை. நன்றாகப் பார்த்தார்கள் என்பது போதும். முதுகெலும்பின் கீழ்ப்பகுதியில் மெல்லிய ஊசி போட்டு நீர் எடுத்தார்கள். நரம்புகளில் சிறு மின்சாரம் செலுத்தி, அது எவ்வளவு வேகமாக ஓடுகிறது என்று அளந்தார்கள். மாலையில் நோயின் பெயரைச் சொன்னார்கள்: கில்லன் பாரே. வயிற்றுப்போக்கு தந்த கிருமியோடு சண்டையிட உடம்பு தயாரித்த படை, கிருமி போன பிறகு ஆள் தெரியாமல் சொந்த நரம்புகளின் மேலுறையைத் தாக்குகிறது. உறை கிழிந்த கம்பியில் மின்சாரம் தடுமாறுவதுபோல, மூளை சொல்வது காலுக்குப் போய்ச் சேர்வதில்லை. காலில் தொடங்கி மேலே ஏறும். எங்கே நிற்கும் என்று முதல் சில நாட்களுக்கு யாராலும் சொல்ல முடியாது.

"நெஞ்சு வரைக்கும் ஏறுச்சுன்னா?" என்று பாண்டி கேட்டார்.

"மூச்சு விடுற தசை சோர்ந்துடும். அப்ப மெஷின் வைக்கணும். அதைத்தான் கவனிச்சுக்கிட்டு இருக்கோம்" என்றார் மருத்துவர்.

கவனிக்கும் முறை மிக எளிமையானது. நன்றாக மூச்சை இழுத்து, ஒரே மூச்சில் ஒன்று, இரண்டு, மூன்று என்று சத்தமாக எண்ணச் சொல்வார்கள். எந்த எண்ணில் மூச்சு முட்டுகிறது என்று குறித்துக்கொள்வார்கள். நானும் என் குறிப்பேட்டில் எழுதினேன். கூட்டம், மறியல், விபத்து என்று எழுதிப் பழகிய அதே குறிப்பேடு. புதன் மாலை 19. வியாழன் காலை 17. வியாழன் மாலை 14. வெள்ளி காலை 11.

பத்துக்குக் கீழே போனால் தீவிர சிகிச்சைப் பிரிவு என்றார்கள். அவள் எண்ணும்போதெல்லாம் பாண்டியும் மூச்சை இழுத்துப் பிடித்துக்கொள்வார். அவள் பதினொன்றில் நின்றபோது அவர் முகம் சிவந்து இருமினார்.

"அப்பா, நீங்க ஏன் எண்ணுறீங்க? ஒங்களுக்கா ஒடம்பு சரியில்ல?" என்றாள் தர்ஷினி. அந்த வாரத்தில் நாங்கள் சிரித்தது அப்போது மட்டும்.

ரத்தம் கொடுத்த ஆயிரக்கணக்கான பேரிடமிருந்து பிரித்தெடுத்த எதிர்ப்புப் புரதத்தைச் சொட்டுச் சொட்டாக ஏற்றுவதுதான் சிகிச்சை. ஐந்து நாள். விலை உயர்ந்த மருந்து. காப்பீட்டு அட்டை இருந்ததால் தப்பித்தோம். வெள்ளி மாலை 11. சனி 11. ஞாயிறு காலை 12. அந்தப் பன்னிரண்டைச் சுற்றி வட்டம் போட்டேன். என் குறிப்பேட்டில் வட்டம் போட்ட எண் அது ஒன்றுதான்.

பக்கத்துப் படுக்கையில் காய்ச்சலோடு இருந்த பிள்ளையின் தகப்பனார் பொட்டிப்புரத்துக்காரர். தினமும் காலையில் வெளியே போய் வெந்நீர் பிடித்து வருவார். இரண்டாம் நாளிலிருந்து எங்கள் பிளாஸ்க்கும் நிறைந்திருந்தது. நன்றி சொன்னேன். "போற வழிதானே தாயி. ஒரு கை சும்மா வருது, அதுல இதைப் பிடிச்சேன்" என்றார். அவர்கள் வீடு திரும்பிய நாள் காலையிலும் பிளாஸ்க் நிறைந்திருந்தது.

மூச்சு மீண்டது. கை கொஞ்சம் மீண்டது. கால் மீளவில்லை. நரம்பின் மேலுறை மறுபடி வளர மாதக்கணக்கில் ஆகும் என்றும், பெரும்பாலான பிள்ளைகள் நடந்துவிடுவார்கள் என்றும், எப்போது என்று கேட்கக் கூடாது என்றும் சொன்னார்கள். அதுவரை சக்கர நாற்காலி. பாதம் தொங்கிவிடாமலிருக்க இரண்டு காலுக்கும் பிளாஸ்டிக் தாங்கி.

இயன்முறை சிகிச்சை தந்தவர் ஜெபசெல்வி. போடிக்காரர், முப்பது வயதிருக்கும். முதல் நாள் "கையைத் தூக்கு கண்ணு, பத்து தடவை" என்றார். தர்ஷினி இரண்டு முறை தூக்கிவிட்டுச் சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டாள். மறுநாளும் அப்படித்தான். மூன்றாம் நாள் ஜெபசெல்வி அவளிடம் எதுவும் கேட்கவில்லை. கால் வைத்த பெட்டிபோல இடுப்புயரத்தில் இருந்த ஒரு மணல் மேசைக்கு நாற்காலியைத் தள்ளிக்கொண்டு போனார். மேசைக்கு அடியில் முழங்கால் நுழையும் அளவுக்கு இடைவெளி இருந்தது. மணலுக்குள் புளியங்கொட்டைகளை மறைத்து வைத்திருந்தார்.

"இருபது கொட்டை இருக்கு. நேத்து வந்த பையன் பதினஞ்சுதான் கண்டுபிடிச்சான்."

தர்ஷினி இருபதையும் எடுத்த பிறகுதான் நிமிர்ந்தாள். நான் கடிகாரத்தைப் பார்த்தேன். நாற்பது நிமிடம்.

"எக்சர்சைஸ்னு சொன்னா பத்து நிமிசம் செய்வாக. வெளாட்டுன்னா நாப்பது நிமிசம் செய்வாக. நரம்புக்கு ரெண்டும் ஒண்ணுதான்" என்றார் ஜெபசெல்வி. பிறகு குரலைத் தணித்துக்கொண்டார். "அக்கா, இன்னும் ஆறு மாசம் முக்கியம். சும்மா உக்காந்தே இருந்தா குதிகால் இறுகிரும், முதுகு வளைஞ்சுரும், கை சோம்பிரும். அப்புறம் நரம்பு சரியானாலும் ஒடம்பு கேக்காது. நீங்க வாரத்துக்கு ரெண்டு நாள் இங்க வருவீக. மத்த அஞ்சு நாளும் அவ வெளாடணும். தனியா இல்ல, மத்த பிள்ளைகளோட. ஊர்ல எடம் இருக்கா?"

"இருக்கு. பெரிய பூங்கா. எல்லாப் பிள்ளைகளும் வெளாடலாம். நானே நியூஸ் எழுதுனேன்" என்றேன்.

முப்பத்தோரு நாள் கழித்து வீட்டுக்கு வந்தோம். அடுத்த ஞாயிற்றுக்கிழமை மாலை பூங்காவுக்குப் போனோம்.

நெல் நட்டிருக்கும் காலத்தில் வாய்க்கால் தண்ணீர் கசிந்து அந்த இடம் சேறாகிவிடும். அதனால் ஒன்றரை அடிக்கு மண் கொட்டி மேடாக்கியிருந்தார்கள். வாசலில் மூன்று படி. படி ஏறியதும் மாடு நுழையாமலிருக்க இரும்புக் குழாயை வளைத்து வைத்த தடுப்பு. ஓர் ஆள் உடம்பை ஒருக்களித்து நுழையலாம். உள்ளே ஊஞ்சல், சறுக்கு, ராட்டினம். சுற்றிலும் கணுக்கால் புதையும் மணல். திறப்பு நாளன்று நான் இவை எல்லாவற்றையும் எண்ணி எழுதியிருந்தேன். படியை எண்ணவில்லை.

பாண்டி அவளைத் தூக்கினார். நாற்காலியை நான் மடித்து எடுத்து வந்தேன். மணலில் சக்கரம் ஒரு முழம்கூட நகரவில்லை. சறுக்கில் ஏறிக்கொண்டிருந்த பிள்ளைகள் இறங்கி வந்து சுற்றி நின்றார்கள். விளையாட்டு நின்றது. எங்களைப் பார்ப்பதே விளையாட்டானது.

"வாங்க போகலாம்" என்றாள்.

"ஊஞ்சல்ல ஒக்காருத்தா, அப்பா பிடிச்சுக்கிறேன்."

"தூக்காதீங்கப்பா. பாப்பாவைத் தூக்குற மாதிரி தூக்குறீங்க. எல்லாரும் பாக்குறாக."

அதன் பிறகு அந்தத் தெருப் பக்கமே வர மாட்டேன் என்றாள். வீட்டில் மணல் நிரப்பிய தொட்டி வைத்தோம். இரண்டு நாள் தொட்டாள். மூன்றாம் நாள் கொட்டைகளை நானே மறைத்து நானே தேடிக்கொண்டிருந்தேன். அந்த வாரம் தேனிக்குப் போனபோது ஜெபசெல்வி அவள் பாதத்தை மேலே மடக்கிப் பார்த்தார். போன வாரம் மடங்கிய அளவு மடங்கவில்லை.

பூங்கா ஊர்க்காரர்கள் பணம் போட்டுக் கட்டியது. பொறுப்பாளர்களிடம் கேட்டேன். "ஒரு பிள்ளைக்காக இடிச்சுக் கட்டவா? ரெண்டு மாசத்துல ஒங்க பிள்ளை நடந்துரும் தாயி" என்றார் ஒருவர். நல்லெண்ணத்தில் சொன்னதுதான். குறிப்பேட்டை எடுத்துக்கொண்டு ஊரின் ஏழு தெருவுக்கும் போனேன். மூன்று மாலை. அந்தப் பூங்காவுக்குள் நுழைய முடியாத, நுழைந்தாலும் விளையாட முடியாத பிள்ளைகள் என் மகளைச் சேர்க்காமல் ஐந்து பேர் இருந்தார்கள். ஒருத்திக்குக் கண் தெரியாது. ஒருவனுக்குச் சத்தமும் கூட்டமும் ஆகாது. காதைப் பொத்திக்கொண்டு ஓடிவிடுவான். மூன்று பேருக்குக் கால். அவர்களைப் பூங்காவில் பார்க்காததால் ஊரிலேயே இல்லை என்று நினைத்திருக்கிறோம். பட்டியலைப் பொறுப்பாளர்களிடம் படித்துக் காட்டினேன். ஒவ்வொரு பெயருக்கும் தகப்பன் பெயர் சொன்னேன். ஐந்தாவது பெயர், இரண்டு மாசத்தில் நடந்துவிடும் என்று சொன்னவரின் தம்பி மகன். "சரி, என்ன செய்யணும்னு எழுதிக் குடுங்க" என்றார்.

ஜெபசெல்வி அளவுகள் சொன்னார், நான் எழுதினேன். ஒரு அடி உயரத்துக்குப் பன்னிரண்டு அடி நீளத்தில் சரிவு. ஒன்றரை அடிக்குப் பதினெட்டு அடி. நாற்காலி திரும்ப ஐந்தடிச் சதுரம். வாசல் மூன்றடி அகலம். மணலுக்கு நடுவே கெட்டியான பாதை. முழங்கால் நுழையும் மணல் மேசை. முதுகு சாய்க்கிற ஒரு ஊஞ்சல். கண் தெரியாத பிள்ளைக்கு ஊஞ்சலில் மணி. சத்தம் ஆகாத பிள்ளைக்கு இடுப்புயரச் சுவர் வைத்த ஒரு மூலை. பூட்டிய அறை அல்ல, அங்கிருந்து எல்லாரும் தெரிய வேண்டும்.

பூங்காவைக் கட்டிய சின்னராசு கொத்தனாரிடமே தாளைக் கொடுத்தேன். பாண்டியை மாப்ள என்று அழைப்பவர். அந்த முறைக்கு எனக்கு அண்ணன், தர்ஷினிக்கு மாமா. படித்துப் பார்த்தார்.

"சரிவுதானே தங்கச்சி? ஊர்ல பாதி வீட்டுக்கு நாந்தேன் போட்டேன். ஒரு நாள் வேலை."

நாங்கள் தேனிக்குப் போன நாளில் போட்டு முடித்துவிட்டார். நான்கு நாள் தண்ணீர் ஊற்றிக் காய்ந்த பிறகு கூப்பிட்டார். போய்ப் பார்த்தேன். எங்கள் பக்கத்து வீடுகளில் மொபெட்டை உள்ளே ஏற்ற வாசல்படி மேல் ஒரு சிமெண்ட் சரிவு இருக்கும். தெருவை அடைக்கக் கூடாது என்பதால் குட்டையாக, செங்குத்தாக, வழுக்காமலிருக்கக் கோடு கீறிப் போடுவார்கள். அதே சரிவு. கொஞ்சம் அகலம், நல்ல பூச்சு. டேப் வைத்தேன். நாலரை அடி நீளம்.

"அண்ணே, பதினெட்டு அடின்னு எழுதியிருந்தேனே."

"பதினெட்டு அடிக்கு யாரு போடுவா? ரோட்டுல போயி நிக்கும். தாளைப் பாத்துச் சிரிச்சுக்கிட்டேன், படிச்சவுக தெரியாம எழுதிட்டாகன்னு. இங்கன பாருங்க." தன் மொபெட்டைக் கிளப்பி, பின்னால் ஒரு சிமெண்ட் மூட்டையோடு சரிவில் ஏறி இறங்கிக் காட்டினார். "மூட்டையோட ஏறுது. மருமக என்ன மூட்டையை விடக் கனமா?"

பாண்டியோடு கூட வந்திருந்த தர்ஷினி அந்தச் சரிவைப் பார்த்துக்கொண்டிருந்தாள். பூங்காவுக்கு வர மாட்டேன் என்றிருந்தவளை, நீயே ஏறிப் போகலாம் என்று சொல்லித்தான் அழைத்து வந்திருந்தேன். நான் தடுக்கும் முன் சக்கரத்தைத் தள்ளினாள். முன்சக்கரம் ஏறியது, பின்சக்கரம் பாதி ஏறியது. அவள் கை நின்றது. நாற்காலி பின்னால் உருண்டு சாய்ந்தது. பாண்டி பிடித்துவிட்டார். முழங்கை மட்டும் சிராய்த்திருந்தது.

அழவில்லை. கொத்தனாரைப் பார்த்தாள்.

"மாமா, நீங்க ஒக்காருங்க."

"நானா?"

"மொபெட்டுக்கு இஞ்சின் இருக்கு. இதுக்குக் கைதான். நீங்க ஒக்காந்து ஏறுங்க. ஏறும்போது ஒரே மூச்சுல எண்ணணும்."

பாண்டி அவளைத் தூக்கிக்கொண்டார். சின்னராசு அந்தச் சிறிய நாற்காலியில் ஒருவழியாகத் திணித்துக்கொண்டு உட்கார்ந்தார். வேடிக்கை பார்த்து நின்றவர்கள் சிரித்தார்கள். "ஏலே சின்னராசு, கண்ணாலத்துக்குக் கெளம்புற மாதிரில்ல இருக்க!" என்றார் ஒருவர். மூச்சை இழுத்து, எண்ணிக்கொண்டே தள்ளினார். ஒன்று, இரண்டு, மூன்று. நான்கில் சத்தம் முனகலானது. ஐந்தில் நின்றது. முதல் முறை பின்னால் உருண்டார். இரண்டாம் முறையும் உருண்டார். மூன்றாம் முறை, நரம்பு புடைக்க ஏறிவிட்டார்.

"ஏறிட்டேன்ல?" என்றார் மூச்சிரைக்க.

"அஞ்சுதான் எண்ணுனீங்க" என்றாள் தர்ஷினி. "ஆஸ்பத்திரியில பத்துக்குக் கீழ போனா மெஷின் வைப்பாக."

அவர் உடனே எழவில்லை. தன் உள்ளங்கைகளைப் பார்த்தார்; சக்கரத்தின் கம்பி சிவப்பாகப் பதிந்திருந்தது. யாரும் சிரிக்கவில்லை. இறங்கி, சட்டையை உதறிக்கொண்டார்.

"அந்தத் தாளை இன்னொரு தடவை குடுங்க தங்கச்சி."

மறுநாள் காலை கடப்பாரையோடு வந்து தன் சரிவைத் தானே உடைத்தார். பதினெட்டு அடி ரோட்டில் போய் நிற்காமலிருக்க அவரே வழி கண்டார்: வேலியை ஒட்டி ஒன்பது அடி ஏறி, நடுவே ஐந்தடிச் சமதளம், அங்கே திரும்பி மறுபடி ஒன்பது அடி. கைப்பிடிக்குத் தூண் வேண்டும் என்றார். எங்கள் தோட்டத்தில் பழைய திராட்சைப் பந்தலைப் பிரித்துப் போட்ட கல் தூண்கள் கிடந்தன. பாண்டி டிராக்டரில் கொண்டு வந்து இறக்கினார். பெரியவர்கள் உயரத்துக்கு ஒரு குழாய், தர்ஷினியின் தோளை அளந்து பிள்ளைகள் உயரத்துக்கு இன்னொன்று. மாட்டுத் தடுப்பை எடுத்துவிட்டு மூன்றடிக் கதவு வைத்தார். தாழ்ப்பாள் உட்கார்ந்தவர் கைக்கு எட்டும். சரிவு காய்ந்ததிலிருந்து ஒவ்வொரு நாளும் வேலை முடிந்ததும் நாற்காலியைக் கேட்டு வாங்கி, தானே உட்கார்ந்து ஏறிப் பார்த்தார். மூன்றாம் நாள் வந்து சொன்னார்: "பதினாலு வந்துச்சு."

வேலை முடிய பதினொரு நாள் ஆனது. பன்னிரண்டாம் நாள் மாலை தர்ஷினி வந்தாள். பாண்டியிடம் ஒரே நிபந்தனை: கையைப் பின்னால் கட்டிக்கொண்டு வர வேண்டும். கட்டிக்கொண்டார். விரல்கள் மட்டும் ஒன்றையொன்று நெரித்துக்கொண்டிருந்தன.

முதல் ஒன்பது அடியில் இரண்டு முறை நின்றாள். சமதளத்தில் நாற்காலியைத் திருப்பி, சுவரில் முட்டி, மறுபடி திருப்பினாள். இரண்டாவது ஒன்பது அடியில் சத்தமாக எண்ணினாள். எந்த எண்ணில் நிறுத்தினாள் என்பதைக் குறிக்க மறந்துவிட்டேன். குறிப்பேடு கையில் திறந்தே இருந்தது.

கதவின் தாழ்ப்பாளை அவளே நீக்கினாள். கெட்டிப் பாதையில் சக்கரம் ஓடியது. மணல் மேசையில் ஏற்கெனவே ஒரு பெண்பிள்ளை கோபுரம் கட்டிக்கொண்டிருந்தாள். தர்ஷினி முழங்காலை மேசைக்கடியில் நுழைத்து, மணலில் கையை விட்டு ஒரு பிடி அள்ளினாள். கோபுரம் சரிந்தது.

"ஏய், கண்ணு தெரியல? அது என் மணலு. அங்கன தள்ளிப் போ."

"நீ தள்ளிப் போடி. மேசை என்ன ஒங்கப்பா வாங்குனதா?"

சமாதானம் செய்யப் பாண்டி ஓரடி எடுத்து வைத்தார். நான் அவர் சட்டையைப் பிடித்து நிறுத்தினேன்.

இதை எழுதும்போது தர்ஷினி தாங்கிகளோடு குழாயைப் பிடித்து பதினான்கு எட்டு நடக்கிறாள். ஜெபசெல்வி அவள் பாதத்தை மடக்கிப் பார்த்துத் தலையசைக்கிறார். மற்ற ஐந்து பேரில் நான்கு பேர் வருகிறார்கள். இன்னும் வராத ஒரு பிள்ளையின் வீட்டுக்குப் போய்க்கொண்டிருக்கிறேன். அந்தப் பெயருக்கு எதிரே டிக் விழுந்த பிறகு, பதினோரு வரிச் செய்தியின் கடைசி வரியைத் திருத்தமில்லாமல் மறுபடி அனுப்புவேன்.